பாக்கி, தவணை, பூட்டிய பட்டறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலையாளுக்கு வேலை போனால் கேட்க நாலு இடம் இருக்கிறது, முதலாளிக்கு வேலை போனால் எங்கே போவது என்று சிறு பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களில் எல்லோருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில்.

பதினொரு வருடம் நடத்திய லேத் பட்டறையை மூடிவிட்டேன். வருமானம் இல்லை. அரசு தரும் வேலையிழப்பு உதவி எனக்குக் கிடைக்குமா?
(பட்டறை உரிமையாளர், கோவை)

கிடைக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் ‘வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடம்தான் இந்தக் கேள்வி முதலில் போய்ச் சேர்கிறது. தனி உரிமையாளரும் கூட்டாளியும் தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ சட்டத்தின்படி ‘தொழிலாளி’ அல்லர். அதனால் அதில் காப்பீடு பெற்றவர்களுக்கான வேலையிழப்புப் படி உங்களுக்குப் பொருந்தாது. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் சுயதொழிலில் இருப்பவர்களை விலக்கியே வைத்திருக்கிறது.

உங்களுக்கு உள்ள வழிகள் வேறு. உங்களுக்கு வரவேண்டிய பாக்கியை வட்டியோடு கேட்கும் உரிமை ஒன்று. வங்கியிடம் அவகாசம் கேட்கும் உரிமை இன்னொன்று. இரண்டுமே பட்டறையைப் பூட்டுவதற்கு முன்பு கையில் எடுத்தால் பலன் தருபவை. பூட்டிய பிறகும் பாக்கியைக் கேட்கலாம். வங்கியிடம் பேசும் பலம்தான் வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள்.

ஒரு பெரிய பார்ட்டிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்த வகையில் 4 லட்சம் நிற்கிறது. ஒரு வருடமாக ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள். கேஸ் போட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயம். என்ன செய்யலாம்?
(பிரிண்டிங் யூனிட், திருப்பூர்)

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தரவேண்டும். ஆனால் அந்தத் தேதி எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். ‘எங்கள் கம்பெனி பாலிசி 120 நாள்’ என்று பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது.

தவறினால் வட்டி. அதுவும் சாதாரண வட்டி அல்ல. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 18 சதவீதம், அதாவது மாதம் ஒன்றரை. 4 லட்சத்துக்கு 12 மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 78,250 ரூபாய். கணக்குப் போடும்போது தாமதமான காலத்துக்கு உரிய விகிதத்தை ரிசர்வ் வங்கி தளத்தில் பார்த்துப் போடுங்கள், அது அவ்வப்போது மாறும்.

இனி, வழக்கு எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம்.

முதல் வழுக்கல், உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. சரக்கு கொடுத்ததற்கு முன்பே பதிவு இருந்தால் பாதுகாப்பு உறுதி. பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால், ‘அப்போது இவர்கள் பதிவு பெற்றவர்களே அல்ல’ என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து தரும் இணையதளங்கள் அரசுத் தளம் போலவே வேஷம் கட்டியிருக்கும். முகவரியின் முடிவில் அரசுத் தளத்துக்குரிய ‘கவ்.இன்’ (gov.in) இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வியாபாரிகள். சரக்கை வாங்கி விற்பவர்களும் 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதக் கட்டண வட்டிப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். அதிலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனம் கேட்க முடியாது. உங்கள் பிரிண்டிங் வேலை உள்ளே வரும்.

மூன்றாவதுதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம்: டிசி, அதாவது சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான். சரக்கு இறங்கிய தேதிதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் தேதி. அந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஆனால் இறங்கிய தேதியைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? டிசியின் நகலில் வாட்ச்மேன் கிறுக்கிய ஒரு கோடு. இனிமேல் ஒவ்வொரு டிசியிலும் வாங்கியவர் பெயர், கம்பெனி முத்திரை, தேதி, நேரம், பீஸ் எண்ணிக்கை இவை ஐந்தும் விழுந்தாக வேண்டும். முத்திரை இல்லையென்றால் அன்று மாலையே பார்ட்டியின் மின்னஞ்சலுக்கு டிசியின் படத்தை அனுப்பி ‘இன்று 1,240 பீஸ் ஒப்படைத்தோம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே அண்ணா’ என்று வந்த பதிலையும் அழித்துவிடாதீர்கள்.

மனு போடுவது இணையத்தில். நடுவண் அரசின் சமாதான் தளம் இதற்காக இருக்கிறது. 2025-இல் இணையவழித் தகராறு தீர்வுத் தளமும் வந்திருக்கிறது. பில்கள், பர்ச்சேஸ் ஆர்டர், டிசி, இதுவரை வந்த பணத்துக்கான வங்கிக் கணக்கு நகல், வட்டிக் கணக்கு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மனு மாநில அரசின் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். மன்றத்தில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, அதை ரத்து செய்யச் சொல்லி பார்ட்டி நீதிமன்றம் போனால், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். இந்த ஒரு விதிக்குப் பயந்தே சமரசத்துக்கு இறங்கி வருபவர்கள் உண்டு. கடைசியாக, பாக்கி விழுந்து மூன்று ஆண்டு கடக்க விடாதீர்கள்.

உறவு கெடும் என்ற பயத்துக்கு வருவோம். கேஸ் போடாமலே பார்ட்டியின் கணக்குப் பிரிவை அசைக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை (வாங்கியபோது பில்லில் இருந்த வரியைத் தாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டதை) அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்து, குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15 அல்லது 45 நாளுக்குள் பணம் போகாமல் மார்ச் 31 தாண்டிவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஆகவே பிப்ரவரி கடைசியில், மரியாதையான தொனியில், உத்யம் சான்றிதழ் நகலை இணைத்து, பாக்கிப் பில்களின் பட்டியலோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். முதலாளிக்கு அனுப்பாதீர்கள், அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் அவர்களுடைய ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். முதலாளி தூக்கிப் போட்டுவிடுவார், ஆடிட்டரால் முடியாது.

நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. ஆனால் என் சிசி அக்கவுண்ட் (தொழில் நடத்த வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கு) ‘ஓவர்ட்ரா’ ஆகிவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில் என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆகும் என்கிறார் மேனேஜர். இது எப்படி? தப்பிக்க வழி உண்டா?
(விசைத்தறிக்கூட உரிமையாளர், சோமனூர்)

எப்படி என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் புரியும். உங்கள் லிமிட் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லிமிட் முழுவதையும் எடுக்க வங்கி விடுவதில்லை. மாதாமாதம் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்து எடுக்கத்தக்க தொகையைக் கணக்கிடும். நூலும் துணியுமாக 8 லட்சம், அதில் வங்கி தன் பாதுகாப்புக்காக ஒதுக்கும் 25 சதவீத மார்ஜின் கழித்தால் 6 லட்சம். வரவேண்டிய பாக்கி 12 லட்சம், அதில் 40 சதவீத மார்ஜின் கழித்தால் 7 லட்சத்து 20 ஆயிரம். ஆக 13 லட்சத்து 20 ஆயிரம் வரை எடுக்கலாம். நீங்கள் 12 லட்சத்து 50 ஆயிரம் எடுத்திருக்கிறீர்கள், பிரச்சினை இல்லை.

அடுத்த மாதம், பாக்கியில் 4 லட்சம் 90 நாளைத் தாண்டிவிடுகிறது. தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் 8 லட்சம், மார்ஜின் போக 4 லட்சத்து 80 ஆயிரம். எடுக்கத்தக்க தொகை 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் எதையும் தொடாமலே 1 லட்சத்து 70 ஆயிரம் மேலே நிற்கிறது. மார்ஜின் சதவீதம் வங்கிக்கு வங்கி மாறும், உங்கள் சாங்ஷன் கடிதத்தில் பாருங்கள். பார்ட்டி பணம் தராத குற்றம் உங்கள் தலையில் விடிவது இப்படித்தான்.

இந்த நிலை 90 நாள் தொடர்ந்தால் கணக்கு என்பிஏ. அதற்கு முன் எஸ்எம்ஏ என்ற எச்சரிக்கைப் படிகள் உண்டு. சிசி கணக்கில் 31 முதல் 60 நாள் வரை எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2. தவணைக் கடனாக இருந்தால் முதல் 30 நாளுக்கே எஸ்எம்ஏ-0 என்று பெயர் வைத்துவிடுவார்கள். இன்னொரு கண்ணியும் இருக்கிறது: லிமிட்டுக்குள்ளேயே இருந்தாலும், 90 நாளாகக் கணக்கில் வரவே இல்லையென்றாலோ, வந்தது வட்டிக்குக்கூடப் போதவில்லை என்றாலோ அதுவும் என்பிஏதான். ‘புதுக் கணக்கில் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்’ என்று வரவை வேறு வங்கிக்குத் திருப்புபவர்கள் தங்கள் குழியைத் தாங்களே வெட்டுகிறார்கள்.

வழி உண்டு. 2015 மே 29 அன்று நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் மறுவாழ்வுக்கு ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. என்பிஏ ஆவதற்கு முன்பே வங்கி தானாக அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனமும் தானே முன்வந்து விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் வரையிலான கடனைக் கிளை மேலாளர் மட்டத்திலேயே பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் குழுவுக்குப் போகும். கணக்கைச் சரிசெய்ய அவகாசம், தவணையை மாற்றி அமைத்தல், எதுவும் ஆகாது என்றால் வசூல் என மூன்றில் ஒன்றை முடிவு செய்வார்கள்.

2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அதே தீர்ப்பில் நமக்கும் ஒரு குட்டு: நாங்கள் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்), எங்களுக்கு அழுத்தம் இருக்கிறது என்பதை என்பிஏ ஆவதற்கு முன்பே ஆவணங்களோடு வங்கிக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொத்தைக் கைப்பற்ற வந்தபிறகு இதைக் கிளப்ப முடியாது.

ஆகவே மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. இந்த வாரமே கடிதம் கொடுங்கள். வாசகம் இவ்வளவு போதும்:

‘எங்கள் தறிக்கூடம் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம், சான்றிதழ் இணைத்துள்ளேன். இணைப்பில் உள்ள பட்டியல்படி வரவேண்டிய பாக்கி வராததால் எங்கள் சிசி கணக்கு எண் … இல் அழுத்தம் ஏற்பட்டுள்ளது. 29.5.2015 தேதியிட்ட அறிவிக்கையின்படி எங்கள் கணக்கைப் பரிசீலித்துத் திருத்த நடவடிக்கைத் திட்டம் வகுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

அதோடு பாக்கிப் பட்டியல், கடைசி ஆண்டு இருப்புநிலைக் குறிப்பு, அடுத்த 12 மாதத்தில் எந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரு பக்கக் கணக்கு. இந்தக் கடைசிப் பக்கத்தில் பெருமைக்காகப் பெரிய எண் போடாதீர்கள். மாற்றி அமைத்த தவணையையும் தவறவிட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அரிது. நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே என்பிஏ ஆகி சர்ஃபேசி நோட்டீஸ் (ஈடு வைத்த சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டத்தின்படியான நோட்டீஸ்) வந்திருந்தால்: கட்டுவதற்கு 60 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். உங்கள் பகுதிக்குக் கோவையில் இருக்கிறது. விவசாய நிலத்தின் மீது சர்ஃபேசி பாயாது.

14 பேர் வேலை செய்யும் தையல் யூனிட்டை மூடுகிறேன். எல்லோருக்கும் இஎஸ்ஐ கட்டியிருக்கிறேன். அவர்களுக்கு ஏதாவது கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும்?
(ஈரோடு)

இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். இஎஸ்ஐயில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. நாள் சம்பளம் 500 என்றால் 250 வீதம், மொத்தம் 22,500 ரூபாய். இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளும், அதற்கு முன்னிருந்த மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்து தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள் என்பதால், கிளை அலுவலகத்தில் நடப்பு நீட்டிப்பைக் கேட்டுவிட்டு ஆட்களை அனுப்புங்கள்.

உங்கள் வேலை கடைசி மாதச் சந்தாவைப் பதிவேற்றும்போது வருகிறது. வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால் காரணம் கேட்கும். ஆடிட்டர் ஆபீஸ் பையன் பழக்கதோஷத்தில் ‘வேலையை விட்டுச் சென்றார்’ என்பதை அமுக்கிவிடுவான். தானாகப் போனவர் வேறு, நீங்கள் அனுப்பியவர் வேறு. ‘ஆட்குறைப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் ஆதார், செல்பேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை இஎஸ்ஐ பதிவில் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று யூனிட் திறந்திருக்கும்போதே உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். ‘செல்வி’ ஆதாரில் ‘செல்வி மு’ என்று இருந்தால் அதற்கே ஒரு மாதம் அலைய வேண்டியிருக்கும். பிஎஃப் இருந்தால் அதிலும் விலகிய தேதியை ஏற்றிவிடுங்கள்.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டியது உங்கள் பொறுப்பு. நஷ்டத்தில் மூடினேன், சரக்கு தேங்கியது என்பவை தவிர்க்க முடியாத காரணங்களாகச் சட்டத்தில் எண்ணப்படுவதில்லை.

கடையை ஆறு மாதமாகத் திறக்கவில்லை. விற்பனையே இல்லாதபோது ஜிஎஸ்டி ரிட்டர்ன் எதற்கு?
(பெயின்ட் கடை, திண்டுக்கல்)

பதிவு உயிரோடு இருக்கும்வரை ரிட்டர்ன் உண்டு. விற்பனை இல்லாவிட்டாலும் ‘நில்’ ரிட்டர்ன். குறுஞ்செய்தியிலேயே தாக்கல் செய்துவிடலாம். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. மீண்டும் திறக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஆர்இஜி-16 படிவத்தில் பதிவை ரத்து செய்யக் கேளுங்கள். ஆனால் முதலில் ஸ்டாக்கை விற்றுத் தீருங்கள். ரத்தாகும் நாளில் கையில் உள்ள சரக்குக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். 18 சதவீத வரியில் 3 லட்சத்துக்குப் பெயின்ட் டப்பா அடுக்கியிருந்தால் 54,000 ரூபாய். கலர் மிக்சிங் மெஷினுக்கும் ஐந்து ஆண்டுக் கணக்கில் மீதமுள்ள மாதங்களுக்கு இதேபோல் உண்டு. ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன். இதை மறந்துவிட்டுப் பிறகு நோட்டீஸோடு வருபவர்கள் நிறையப் பேர்.

மகன் பி.காம். முடித்து ஆறு வருடம். வேலை இல்லை, என் மளிகைக் கடையில் உதவியாக இருக்கிறான். மாநில அரசு உதவித்தொகை கிடைக்குமா?
(விருதுநகர்)

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டத்தைப் பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். முடித்த ஆண்டு முக்கியமல்ல, பதிவு செய்த தேதிதான் கணக்கு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் பதிவு காலாவதியாகியிருந்தால் அங்கேயே நிற்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40-க்குள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, தவறியவர்களுக்கு 200. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும், மூன்றாண்டு வரை. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும், வருமான வரம்பும் இல்லை, பட்டதாரிக்கு 1,000.

கடையில் சம்பளத்துக்கோ பங்குக்கோ இருந்தால் தகுதி இல்லை. 600 ரூபாய்க்காகப் பொய் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டாம்.

தள்ளுவண்டியில் இட்லிக்கடை. மழையில் இரண்டு மாதம் வியாபாரம் இல்லை. முதலுக்கு மீட்டர் வட்டி வாங்கலாமா?
(திருச்சி)

வேண்டாம். தெரு வியாபாரிகளுக்கான நடுவண் அரசின் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் ஜாமீன் இல்லாமல் முதல் கடன் 15,000 ரூபாய் கிடைக்கும், 12 மாதத் தவணை. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. தவணை தவறாதவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வந்து விழும். முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் இல்லை. திட்டம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

மாநகராட்சி கொடுத்த தெரு வியாபாரி அடையாள அட்டை வேண்டும். கணக்கெடுப்பில் விடுபட்டிருந்தால் மாநகராட்சியிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஆதாரில் உள்ள செல்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்த்தான் பாதி விண்ணப்பங்கள் நிற்கின்றன. எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போய்விட்டு அப்புறம் வங்கிக்குப் போங்கள்.